அட்டைச் சுவருக்குள் அடைபட்ட காற்று

என் மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மினசோட்டாவில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், காபி ஆறுவதைக்கூடப் பார்க்காமல் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக்கென்று பொள்ளலாகச் சத்தம் கேட்டது. நாலு விரற்கடை தள்ளித் தட்டினார். அங்கே சத்தம் கெட்டியாக இருந்தது. மறுபடி தள்ளித் தட்டினார், மறுபடி பொள்ளல். "என்ன மாப்பிள்ளை, இவ்வளவு காசு கொடுத்து அட்டை வீட்டையா வாங்கினீங்க?" என்றார்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வந்துபோகிற நம் பெரியவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லும் கதைகளில் இது கட்டாயம் இருக்கும்: "அங்க எல்லாம் அட்டை வீடுதான். ஓங்கி ஒரு குத்து விட்டா ஓட்டை." இங்கேயே இருக்கிறவர்கள் சொல்வது வேறு: "இன்சுலேஷன் போட்டிருக்கான், குளிர் உள்ளே வராது." இந்த இரண்டுமே பாதிதான் சரி. சுவருக்குள் அட்டை இருப்பது உண்மை. ஆனால் மாமனார் தட்டியது அந்த அட்டையை அல்ல. குளிர் "உள்ளே வருவது" என்று ஒன்றும் கிடையாது. அட்டை தன் பலத்தால் எதையும் தடுப்பதும் கிடையாது. அவருக்கு நான் நாலைந்து நாளாகத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன்.

சுவருக்குள் என்னதான் இருக்கிறது?

நம் ஊர் கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தாங்குவது பந்தல்கால். கீற்றும் தட்டியும் மறைப்புக்கு. மரச்சட்ட வீடும் ஏறக்குறைய அப்படித்தான். ஸ்டட் எனப்படும் செங்குத்தான மரக்கால்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். பழைய வீடுகளில் இவை "டூ பை ஃபோர்" மரங்கள். பேர்தான் இரண்டுக்கு நான்கு. இன்று கடையில் வாங்கி அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். கெட்டிச் சத்தம் வந்த இடத்தில் மரக்கால் நின்றது. பொள்ளல் சத்தம் வந்த இடம் இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும் சந்து.

இந்தக் கால்களின் உள்பக்கத்தில் ஜிப்சம் போர்டு. இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்த பலகை அது. மாமனார் தட்டியது இதைத்தான். வெப்பத்தைத் தடுப்பதில் இது சுமார். பூச்சுக்குப் பதிலாக வந்த பொருள், அவ்வளவுதான். கால்களின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பலகை அடித்திருப்பார்கள். அதற்கு ஷீதிங் என்று பெயர். 1920களிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு இந்த இடத்தில் ஏராளமான வீடுகளில் அடித்தது நார் அட்டை, அதாவது மரத்தையோ பழைய காகிதத்தையோ கூழாக்கிச் செய்த தடித்த, இலேசான காகிதப் பலகை. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான். அதற்கும் வெளியே மழையைத் தடுக்க ஒரு தார்க் காகிதம், பிறகு கண்ணுக்குத் தெரியும் வெளிப்புற உறை, அதாவது சைடிங்.

ஆக, ஒரே சுவரில் மூன்று வகைக் காகிதம் இருக்கிறது. மூன்றையும் "அட்டை" என்று ஒரே வாயில் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

மரத்தூளில் வந்த ஐஸ்

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலைக் கடந்து, நடுவில் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி இங்கே கொண்டுவந்தார்கள். மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது. கட்டிகளைச் சுற்றி அடைத்தது வெறும் மரத்தூள்.

நம் தெருக்களில் ஐஸ் கட்டி விற்றவர்களும் மரத்தூளைக் கொட்டிச் சாக்கைப் போர்த்தித்தான் வைத்திருந்தார்கள். மரத்தூளுக்குத் தன்னளவில் குளிர்ச்சி கிடையாது. கம்பளிக்குத் தன்னளவில் சூடு கிடையாது. அப்படியானால் ஒரே மாதிரிப் பொருள் ஐஸை உருகாமலும் ஆளை உறையாமலும் எப்படிக் காப்பாற்றுகிறது?

வேலை செய்வது காற்று

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். சென்னையில் வெப்பம் ஐஸை நோக்கி உள்ளே போனது. மினசோட்டாவின் ஜனவரியில் வீட்டு வெப்பம் தெருவை நோக்கி வெளியே போகிறது. "குளிர் வருது" என்று நாம் சொல்வதெல்லாம் நம் சூடு போவதைத்தான். இந்தப் போக்கை மெதுவாக்குவதற்குப் பெயர் வெப்பக் காப்பு. தடுத்து நிறுத்துவது அல்ல, மெதுவாக்குவது. சைக்கிள் டியூபில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் காற்று இறங்கத்தான் செய்யும், சாயங்காலத்துக்குள் இறங்காது என்பது போல.

வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் பொருட்களில் காற்றை மிஞ்ச எளிதில் வேறு ஒன்று கிடைக்காது. அசையாமல் நிற்கும் காற்றோடு ஒப்பிட்டால் பைன் மரம் நாலைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். செங்கல் இருபது மடங்குக்கும் மேல். பிரச்சினை அந்த "அசையாமல்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. மரக்கால்களுக்கு நடுவில் மூன்றரை அங்குலச் சந்தை அப்படியே காலியாக விட்டால் என்ன ஆகும்? வீட்டுப் பக்கம் பட்ட காற்று சூடாகி மேலே ஏறும். தெருப் பக்கம் பட்டது குளிர்ந்து கீழே இறங்கும். அடுப்பில் வைத்த ரசம் போல ஒரு சுழற்சி தொடங்கிவிடும். உள்பக்கத்துச் சூட்டை அந்தச் சுழற்சியே தூக்கிக்கொண்டு போய் வெளிப்பக்கத்தில் கொடுத்துவிட்டு வரும். முக்கால் அங்குலச் சந்து எவ்வளவு காப்புத் தருமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் மூன்றரை அங்குலக் காலிச் சந்தும் தரும்.

பழைய தச்சர்கள் சிலர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சந்தின் நடுவில் தடித்த காகிதத்தை மேலிருந்து கீழ்வரை கட்டி, ஒரு சந்தை இரண்டாக்கிவிடுவார்கள். காகிதத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் காப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், சந்தை ஆயிரக்கணக்கான நுண்ணிய அறைகளாகப் பிரித்துவிட்டால் காற்றால் நகரவே முடியாது. மரத்தூள், கம்பளி, பஞ்சு, நார் அட்டை எல்லாம் செய்வது அதைத்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: சூடு வெளியே போகிறது, அதை மெதுவாக்குவது அசையாத காற்று, அந்தக் காற்றை அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே நாரின் வேலை.

கூழிலிருந்து பலகை

நார் அட்டை செய்வது வடாம் போடுவதற்கு ரொம்பத் தூரம் இல்லை. மரச்சில்லுகளையோ பழைய காகிதத்தையோ தண்ணீரில் ஊறவைத்து நார் நாராகப் பிரிப்பார்கள். அந்தக் கூழைக் கம்பி வலைமேல் பரப்பித் தண்ணீரை வடித்து, இலேசாக அழுத்தி, உலர்த்துவார்கள். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். மழையில் ஊறாமலிருக்க மெழுகோ தாரோ சேர்ப்பதுண்டு. தார் சேர்த்தது கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும்.

"இலேசாக" என்பதைக் கவனிக்க வேண்டும். இதே கூழைச் சூட்டில் வைத்து ஓங்கி அழுத்தினால் ஹார்ட்போர்டு கிடைக்கும். மேஜைக்கும் அலமாரி முதுகுக்கும் நல்லது, காப்புக்கு உதவாது. அழுத்தும்போது காற்றெல்லாம் போய்விடுகிறது. "கெட்டியா இருந்தாத்தானே நல்லா தடுக்கும்" என்று மாமனார் கேட்டார். கட்டடக்காரருக்கு அப்படித்தான் தோன்றும். வெப்ப விஷயத்தில் மட்டும் பொருள் சோகையாக இருக்க வேண்டும்.

மூலப்பொருள் ஊருக்கு ஊர் மாறியது. மினசோட்டாவில் மரக்கூழ். நியூ ஜெர்சியில் 1909இல் தொடங்கிய ஹோமசோட் நிறுவனம் பழைய செய்தித்தாளைக் கூழாக்கிப் பலகை செய்கிறது. லூசியானாவில் 1920களில் செலோடெக்ஸ் எடுத்துக்கொண்டது கரும்புச் சக்கை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது நமக்குத் தெரிந்ததுதானே. அதே சக்கை அங்கே சுவருக்குள் போனது. இப்படிப்பட்ட மரக்கூழ்ப் பலகைகளில் பீவர்போர்டு என்று ஒன்று உண்டு. கையில் கவைக்கம்பு பிடித்த விவசாயியும் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்கும் "அமெரிக்கன் காதிக்" ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1930இல் கிராண்ட் வுட் அதை வரைந்தது துணியில் அல்ல, பீவர்போர்டில். சிகாகோ அருங்காட்சியகத்தில் அந்தச் சுவர்ப்பலகை பத்திரமாகத் தொங்குகிறது.

அரை அங்குல அட்டைக்கு எவ்வளவு மதிப்பு?

அமெரிக்காவில் இதை ஆர் மதிப்பால் அளக்கிறார்கள். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண் அது, கூடக்கூட நல்லது. அடுக்குகளின் எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள வசதி. அரை அங்குல நார் அட்டைக்கு ஆர் ஏறக்குறைய 1.3. அரை அங்குல ஜிப்சத்துக்கு 0.45. நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு? தோராயமாக 1.8.

மாமனாருக்கு இந்த இடத்தில்தான் முகம் மாறியது. முக்கால் அங்குல அட்டை ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டிவிடுகிறது. "கணக்கு சரிதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். சரிதான். ஆனால் செங்கலுக்கு இன்னொரு குணம் உண்டு: பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நேரம் கழித்துத்தான் விடும். இரவும் பகலும் மாறி மாறிச் சூடு ஏறி இறங்கும் ஊரில் அதற்கு மதிப்பு அதிகம். மாதக்கணக்கில் ஒரே திசையில் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும் ஊரில் அது அவ்வளவாகக் கைகொடுக்காது.

சந்து காலியாக இருக்கும் பழைய மரச்சுவருக்கு, எல்லா அடுக்கையும் கூட்டினால் ஆர் 4 போல வரும். அதன்மேல் அரை அங்குல நார் அட்டை ஒன்றைச் சேர்த்தால் 5.3. வெளியேறும் வெப்பத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு குறைகிறது. சந்து முழுவதையும் செல்லுலோஸ் தூளாலோ கண்ணாடிப் பஞ்சாலோ நிரப்பினால், நடுநடுவே மரக்கால் வழியாகப் போகும் வெப்பத்தைக் கழித்துப் பார்த்தாலும் 11, 12 வரும். வெளியேறும் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். செல்லுலோஸ் தூள் என்பது பொடித்த செய்தித்தாள். குழாய் வைத்துச் சுவருக்குள் ஊதி நிரப்புவார்கள்.

எதுவுமே இல்லாத சுவருக்கு முதல் அரை அங்குலம் பெரிய வரம், ஏற்கெனவே நிரப்பிய சுவருக்கு அதே அரை அங்குலம் சின்ன உபகாரம். "அட்டை போட்டா கரண்ட் பில் பாதியாகும்" என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால், உங்கள் சுவரில் இப்போது என்ன இருக்கிறது என்று அவர் கேட்டாரா என்று பாருங்கள்.

ஊதுபத்திச் சோதனை

அட்டையின் இரண்டாவது வேலை காற்றடைப்பு. என் அனுபவத்தில் இதுவே பாதி வேலை. பைக்கில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாலும் நெஞ்சில் சில்லென்று ஏறும். உள்ளே ஒரு செய்தித்தாளை விரித்துக்கொண்டால் நின்றுவிடும். மலைச்சாலையில் இறங்கும் சைக்கிள் பந்தயக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். ஸ்வெட்டருக்குள் இருக்கும் காற்றைப் புறக்காற்று அடித்துக்கொண்டு போகாமல் அந்த ஒற்றைத் தாள் காக்கிறது. மரப்பலகைகளைப் பக்கம் பக்கமாக அடித்த பழைய சுவரில் ஒவ்வொரு இடுக்கும் காற்றுக்கு வாசல். நாலுக்கு எட்டு அடி நார் அட்டை வந்தபோது இடுக்குகள் வெகுவாகக் குறைந்தன.

நவம்பரில் காற்று பலமாக அடித்த ஒரு நாள், பூஜை அறையிலிருந்து ஊதுபத்தியை எடுத்து வந்து வடக்குச் சுவர் சுவிட்ச் பெட்டியருகே பிடித்தேன். புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது, பெட்டிப் பக்கம் வந்ததும் படக்கென்று அறைக்குள் வளைந்தது. மாமனார் பத்தியை வாங்கி ஜன்னல் சட்டம், தரையோரக் கட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஏழு இடம் கண்டுபிடித்தார். சுவருக்குள் எத்தனை அங்குலம் காப்பு இருந்தாலும், காற்று சுற்றிக்கொண்டு வர வழி இருந்தால் அது ஓட்டைக் குடைதான்.

வியர்க்கும் சுவர்

கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் பூக்கும். அந்த நீர் காற்றில் இருந்தது. காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராக மாறத் தொடங்குகிறதோ அது பனிநிலை. வீட்டுக்குள் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 7 டிகிரி. வெளியே மைனஸ் 20. அப்படியானால் சுவரின் தடிமனுக்குள் எங்கோ ஓரிடத்தில் 7 டிகிரி இருந்தே தீரும். சோறு வடித்த ஆவியும் குளித்த ஆவியும் சுவருக்குள் நுழைந்தால் அதைத் தாண்டிய குளிர்ந்த பரப்பில் நீராகும், உறையும், வசந்தத்தில் உருகும். மரக்கால் உளுத்துப்போவது இப்படித்தான்.

அதனால் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு முறை உண்டு. உள்பக்கம் ஆவியை மட்டுப்படுத்தும் காகிதம் வரும். கண்ணாடிப் பஞ்சின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தாள் அதற்குத்தான். வெளிப்பக்கம் ஆவியை விட்டுவிடும் பொருள் இருக்க வேண்டும். நார் அட்டை ஆவியைத் தாராளமாக விடும் என்பதால் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. பழுப்புத் தாளை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் சுவர் தண்ணீரைக் கோத்துக்கொள்ளும். ஃபுளோரிடாவில், அல்லது ஏசி ஓடும் சென்னை அறையில், ஈரம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. அங்கே கணக்கு தலைகீழ்.

சுருக்கமாக, அட்டைக்கு மூன்று வேலை: காற்றைப் பிடித்து வைப்பது, வெளிக்காற்றை அடைப்பது, ஆவியை வெளியே விடுவது. மூன்றாவதை மறந்தால் முதல் இரண்டும் வீண்.

காகிதம் தீப்பிடிக்காதா?

பிடிக்கும். போகியன்று பழைய கணக்கு நோட்டைக் கட்டாகத் தீயில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓரமெல்லாம் கருகியிருக்கும், நடுப்பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். நெருக்கி வைத்த காகிதத்துக்குள் தீக்குக் காற்று கிடைப்பதில்லை. ஆனால் நார் அட்டை அந்த அளவுக்கு நெருக்கமானது இல்லை. கனன்று கனன்று எரியக்கூடியது. உள்பக்கம் ஜிப்சம் பலகை இருப்பது இதற்காகவும்தான்.

செல்லுலோஸ் தூளில் போரிக் அமிலம் போன்ற போரான் உப்புகளைக் கலக்கிறார்கள். தீயை மட்டுப்படுத்தும், பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் ஆளாளுக்கு இந்தத் தூளை அரைத்து விற்கத் தொடங்க, 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீப்பாதுகாப்புத் தரத்துக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஆகவே, பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டிச் சுவருக்குள் செருகும் யோசனை யாருக்காவது இருந்தால், வேண்டாம். அதில் உப்பும் இல்லை ஒன்றும் இல்லை. கரப்பான் குடும்பத்தோடு குடிவரும். பழைய வீட்டில் சாம்பல் நிறத்தில் அட்டை போல ஏதாவது கிடைத்தால் உடைக்கவும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

செய்தித்தாள் வீடு

இத்தனைக்கும் சாட்சியாக ஒரு வீடு நிற்கிறது. அதே மாசசூசெட்ஸில், ராக்போர்ட் என்ற கடலோர ஊரில். எலிஸ் ஸ்டென்மன் ஓர் இயந்திரப் பொறியாளர். 1922இல் தனக்கொரு கோடை வீடு கட்டினார். சட்டம் மரம், கூரை மரம், தரை மரம். சுவருக்குக் காப்பாக இருக்கட்டுமென்று செய்தித்தாள்களை மாவுப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்கு ஏற்றினார். மொத்தம் 215 அடுக்கு. அதன்மேல் வழக்கம்போல மரப்பலகை அடிப்பதாகத்தான் இருந்தது. அடிக்கவில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று வார்னிஷைப் பூசி விட்டுவிட்டார். பிறகு மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் செய்தித்தாளைச் சுருட்டியே செய்தார். கணப்பு மட்டும் செங்கல்.

நூறு ஆண்டு தாண்டி அந்தச் சுவர் நிற்கிறது. வெளிப்புறத்தில் ஆங்காங்கே தாள் உரிந்து, அந்தக் காலத்துத் தலைப்புச் செய்திகளைப் படிக்க முடியும். நிற்பதற்குக் காரணம் கூரையின் இறக்கமும் விடாமல் பூசிவரும் வார்னிஷும். காகிதத்துக்குக் குளிரும் தெரியாது, வயதும் தெரியாது. தண்ணீர்தான் ஆகாது.

மாமனார் ஊருக்குக் கிளம்பும்போது, நாங்கள் ஜன்னல் மாற்றியபோது வெட்டிப்போட்ட நார் அட்டையில் தார் படாத துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றிச் சூட்கேஸில் வைத்துக்கொண்டார். தெரிந்த மேஸ்திரிகளிடம் காட்ட வேண்டுமாம். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "மாப்பிள்ளை, உங்க அட்டை புட்டு மாதிரி உப்பிப் போச்சே" என்றார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கட்டும் என்று பானைக்கு அடியில் வைத்திருக்கிறார்.